கலியாணவீட்டில் ஷெனாய் போடலாமோ?

கோண்டாவில் பெடியன்:
அடுத்த மாதம் அக்காவுக்குக் கலியாணம். தாலி கட்டுக்கு மேளம் பிடித்தாயிற்று, அதில் கதையில்லை. பின்னேரம் வரவேற்புக்கு வடநாட்டு வித்துவான் பிஸ்மில்லா கான் ஊதின ஷெனாய்க் குழல் ஒலிப்பதிவைப் போடலாம் என்று நினைத்து போனில் தட்டிப் பார்த்தேன். அடுப்படியில் நின்ற அப்பம்மா அகப்பையோடு ஓடிவந்து "ஆர் செத்தது?" என்று கேட்கிறார். உண்மையில் அது செத்தவீட்டு வாத்தியமோ?

இணுவிலான்:
அப்பம்மாவில் பிழையில்லை தம்பி, பழைய தமிழ்ப்படக்காரர்களில்தான் பிழை. படத்தில் யாராவது கண்ணை மூடினால் உடனே ஷெனாயை ஊதவிட்டு எங்கள் காதைப் பழக்கிவிட்டார்கள். வடநாட்டில் அது கலியாண வாசலிலும் கோயிலிலும் வாசிக்கிற மங்கல வாத்தியம். பிஸ்மில்லா கான் 1916இல் பீகாரில் டும்ராவ்னில் பிறந்தவர், காசியில் தாய்மாமன் அலி பக்ஷிடம் படித்தார், அந்த மாமன் விசுவநாதர் கோயிலில் வாசித்தவர். வாசலில் நின்ற வாத்தியத்தைக் கச்சேரி மேடைக்கு ஏற்றியது மருமகன். 1937இல் கல்கத்தா இசை மாநாட்டில் வாசித்தபிறகுதான் பெயர் பரவியது. 1947இல் இந்தியச் சுதந்திரத்தின்போது டெல்லி செங்கோட்டையில் வாசித்ததும் அவர்தான். செத்தவீட்டு வாத்தியத்தையா அன்றைக்குக் கூப்பிடுவார்கள்?

சீவாளி:
எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக நாயனம். ஷெனாயும் அதன் சொந்தக்காரன்தான், வாயில் வைத்து ஊதுகிற இரட்டை நாக்குச் சீவாளி, துளையை அரைகுறையாக மூடித் திறந்து மூச்சை அடக்கித்தான் கமகம், அதாவது சுரத்தின் அசைவு, பிடிக்க வேண்டும், விரலால் அமத்துகிற சாவி எதுவும் கிடையாது. ஆனால் ஷெனாய் நீளத்தில் கட்டை, அகன்ற முன்பக்கம் உலோகம். எங்களுடைய பாரி நாயனம் நீளமான வகை, மண்டபத்துக்குள் ஊதினால் பக்கத்திலிருப்பவரோடு கதைக்க ஏலாது. வரவேற்புக்கு ஷெனாய்தான் சுகம், இதை நான் சொன்னதாக அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

நாவாந்துறை:
இணுவிலான் அண்ணை, முழுக்க அப்படிச் சொல்லவும் முடியாது. பிஸ்மில்லா கான் ஷியா முஸ்லிம். முஹர்ரம் எட்டாம் நாளில் காசித் தெருவில் நடந்தபடி கர்பலாப் போரில் இறந்தவர்களுக்காக நௌஹா என்ற துக்கப்பாட்டை வாசிப்பார், அது அழுகைதான். அதே ஆள்தான் கங்கைக் கரை பாலாஜி கோயிலில் இருந்து மணிக்கணக்காகச் சாதகம் செய்தவர். அழவைக்கவும் தெரியும், மாப்பிள்ளை அழைக்கவும் தெரியும். ஆகவே ராகத்தைப் பார்த்துப் போடுங்கோ. பின்னேரத்துக்கு யமன் ராகம் நல்லது, கிட்டத்தட்ட எங்கள் கல்யாணி ராகம். முதல்நாளே முழுதாகக் கேட்டுப் பாருங்கோ, சும்மா தலைப்பைப் பார்த்து அமத்தாமல்.

கோண்டாவில் பெடியன்:
நேற்றிரவு யமன் போட்டேன். அப்பம்மா முருங்கையிலை ஆய்ந்துகொண்டு பேசாமல் இருந்தார், கொஞ்ச நேரத்தில் "உது கல்யாணியெல்லே" என்றார். சரி, போடட்டாம், தாலி கட்டும்போது மட்டும் வேண்டாமாம். அப்புறம் வாசிக்கிற மனிசன் இப்ப எங்கே என்று கேட்டார். 2006இல் காலமாகிவிட்டார், ஒரு ஷெனாயையும் கூடவே வைத்துத்தான் அடக்கம் செய்தார்கள் என்றேன். "அப்ப நான் அண்டைக்குக் கேட்டதிலை என்ன பிழை?" என்கிறார்.