ரெண்டாம் பாகம்னா கலெக்‌ஷன் ஏன் இறங்குது? பாகுபலிக்கு மட்டும் எப்படி ஏறுச்சு?

மூஞ்சிக்கல் மாப்ள:

ஒரு பஞ்சாயத்து, தீத்து வைங்கப்பா. பொன்னியின் செல்வன் முதல் பாகம் 2022 செப்டம்பர் 30ல வந்துச்சு, உலகம் முழுக்க 500 கோடி கிட்டன்னாங்க. ரெண்டாவது 2023 ஏப்ரல் 28, அது 350 கிட்டயே நின்னுருச்சு. அதே ஏப்ரல் 28, ஆனா 2017ல, பாகுபலி 2 வந்துச்சு, முதல் பாகம் எடுத்த 600 சொச்சத்த அப்படியே 1800 வரைக்கும் கொண்டு போயிருச்சு. கேஜிஎஃப்பும் அப்படித்தான், 250ல ஆரம்பிச்சது ரெண்டாவதுல 1200 தாண்டுச்சு. ராஜா கதைன்னா இதுவும் ராஜா கதை, ஒரே கதைய ரெண்டா வெட்டுனதுன்னா இதுவும் அப்படித்தான், வந்த தேதி கூட ஒண்ணு, அப்புறம் நமக்கு மட்டும் ஏன் இறங்கணும்?

எங்க பெரியப்பா பையன் ஒருத்தன் இருக்கான், பிஎஸ் 2, அதான் பொன்னியின் செல்வன் 2, ஃப்ளாப்புன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். 350 கோடி எடுத்த படத்த ஃப்ளாப்புங்கிறவன என்ன செய்ய? போதாததுக்கு முன்கதை எடுத்தா ஓடாதுன்னு ஒரு தியரி வேற வச்சிருக்கான், அதுக்கு பில்லா 2வ காட்டுறான். ஓடுன முன்கதைக்கு காந்தாரா சாப்டர் 1ன்னு நான் சொன்னா "அது கன்னடம்டா, நம்ம ஆளுங்க வேற"ங்கிறான். விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. நம்பர மட்டும் அள்ளிக் கொட்டாதீங்க, காரணம் வேணும்.

பூம்பாறை பூண்டு:

மாப்ள, உன் கேள்விலயே தப்பு இருக்கு. பாகுபலி ராஜா கதை, பிஎஸ் ராஜா கதை, ரெண்டும் ஒண்ணுன்னு ஆரம்பிச்சா எங்கயும் போய் சேர முடியாது.

கல்கி 1950ல இருந்து 54 வரைக்கும் பத்திரிகைல தொடரா எழுதுனது பொன்னியின் செல்வன். மூணு தலைமுறை படிச்சிருச்சு, அஞ்சு பாகமும் இல்லாத லைப்ரரி உண்டா? அந்த முதல் பாகத்துக்கு யாரு வந்தா தெரியுமா, சினிமா பாக்குறதையே விட்டுட்டவங்க வந்தாங்க. எங்க அப்பத்தாவ நாங்க கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டுக்கு கூட்டிட்டு வர்றதே பெரிய விஷயம், அது இந்தப் படத்துக்காக வத்தலக்குண்டு வரைக்கும் இறங்கி வந்துச்சு, டம்டம் பாறை வளைவெல்லாம் எலுமிச்சம்பழத்த மூக்குல அழுத்திக்கிட்டே. படம் ஓடுறப்ப சும்மா இருந்துச்சா? "நந்தினி கொண்டை இப்படி இருக்காதுடா, தொடருக்கு மணியம் வரைஞ்சது வேற"ன்னு பக்கத்து சீட்டு அம்மாகிட்ட சொல்ல, அந்த அம்மா "ஆமாங்க, நானும் அதத்தான் பாத்துட்டிருக்கேன்"னு ஆரம்பிச்சு ரெண்டு பேரும் இடைவேளை வரைக்கும் கொண்டையப் பத்தியே பேசுனாங்க. அப்படி ஒரு கூட்டம் அது.

ரெண்டாவது பாகம் வந்தப்ப கூப்பிட்டேன். "கதைதான் தெரியுமே, டிவில போடுவான்ல"ன்னுருச்சு. முடிஞ்சுது.

பாகுபலி எங்க நிறுத்துச்சு? கட்டப்பா ஏன் குத்துனான்னு ஒருத்தனுக்கும் தெரியாது, எழுதி வச்ச புஸ்தகமும் கிடையாது, அந்த ஒரு கேள்விய வச்சே 21 மாசம் வாட்சப் ஓடுச்சு. பிஎஸ் 1 எங்க நிறுத்துச்சு? அருள்மொழி, அதான் பின்னாடி ராஜராஜன் ஆனவரு, கடல்ல முழுகுறாருன்னு. ஏம்ப்பா, ராஜராஜன் கடல்லயே போயிட்டாருன்னா தஞ்சாவூர் பெரிய கோயில யாரு கட்டுனது, என் மாமனாரா?

டிக்கெட் கிழிச்சவன்:

பூண்டு அண்ணே சொன்னது பாதி. மீதிய நான் சொல்றேன், நான் கொஞ்ச நாள் மலைக்குக் கீழ ஒரு தியேட்டர்ல இருந்தவன்.

முதல்ல ஒண்ணு. நீங்க எல்லாரும் அடிச்சுக்கிற 500, 350 எல்லாம் கிராஸ். டிக்கெட் வித்த மொத்தக் காசு. அதுல ஜிஎஸ்டி, உள்ளாட்சி கேளிக்கை வரி எல்லாம் போனாதான் நெட்டு. நெட்டுல தியேட்டர்காரர் பங்கு போனா ஷேர். பெரிய ஸ்டார் படம்னா முதல் வாரம் 70 சதவீதத்துக்கு மேல கூட டிஸ்ட்ரிபியூட்டருக்கு போயிரும், வாரம் ஆக ஆகத்தான் தியேட்டர் பக்கம் சாயும். அதனால முதல் வாரத்தோட செத்துப்போற படம் எத்தன கோடின்னு போஸ்டர் ஒட்டுனாலும் தியேட்டர்காரருக்கு மிஞ்சுறது பாப்கார்ன் காசும் பார்க்கிங் காசும்தான்.

அப்புறம் வெல. நம்ம திண்டுக்கல், கொடைக்கானல் எல்லாம் எம்ஆர் ஏரியா, மதுரை ராம்நாடு. ஊட்டி குன்னூர் ஆளுங்க கோவை ஏரியா. ஒவ்வொரு ஏரியாவுக்கும் படத்த அட்வான்ஸ்லயோ எம்ஜிலயோ வாங்குறாங்க. அட்வான்ஸ்னா படம் ஓடலன்னா மிச்சக் காசு திரும்பும். எம்ஜின்னா மினிமம் கேரண்டி, படம் ஓடலன்னாலும் குடுத்த காசு திரும்பாது. ரெண்டாம் பாகத்துக்கு வெல எப்படி பேசுவாங்க? முதல் பாகம் மொத்தமா என்ன எடுத்துச்சோ அத வச்சு. முதல் பாகத்த கம்மி வெலைக்கு வாங்குனவன் ஜெயிச்சிருப்பான், ரெண்டாவத முதல் பாகத்தோட லைஃப்டைம் ஷேருக்கு சமமா வாங்குனவன் படம் நல்லா ஓடியும் முழி பிதுங்கி நிப்பான். ஹிட்டா ஃப்ளாப்பாங்கிறது அந்த வெலயில இருக்கு மாப்ள, கிராஸ்ல இல்ல. உதாரணம் 2.0. எந்திரன் 2010ல 300 கோடி கிட்ட, 2.0 2018ல 600 தாண்டுச்சு, டபுள். ஆனா செலவே 500 கோடிக்கு மேலன்னு பேச்சு, அந்த 600ல எட்டு வருஷத்துல டிக்கெட் வெல ஏறுனது, 3டி கண்ணாடிக்கு தனிக் காசு இதெல்லாம் சேத்தி. இப்ப சொல்லு, எது பெரிய ஹிட்டு?

என் கணக்கு ஒண்ணு இருக்கு, தியேட்டர்ல நின்னு பாத்ததுல வந்தது. ரெண்டாம் பாகத்தோட முதல் மூணு நாள் கலெக்‌ஷன் அந்தப் படத்தோடது கிடையாது, அது முதல் பாகம் சம்பாதிச்சு வச்சிட்டுப் போனது. திங்கக்கிழமை காலை ஷோலதான் படம் சொந்தக் கால்ல நிக்குதான்னு தெரியும். இந்தியன் 2 பாத்தீங்கல்ல, 2024 ஜூலை 12. 1996 படத்து மேல இருந்த பாசம் வெள்ளி சனி ஞாயிறு வரைக்கும் தள்ளிட்டு வந்துச்சு, திங்கக்கிழமை படுத்துருச்சு. ஓடிட்டிருக்கிற படத்துல 12 நிமிஷத்த வெட்டிப் பாத்தாங்க, அதுக்கும் எழுந்திரிக்கல. பாகுபலி 2 திங்கக்கிழமையும் ஹவுஸ்ஃபுல், அதுக்கு அடுத்த வாரமும் ஃபுல்லு.

மூஞ்சிக்கல் மாப்ள:

அண்ணே இது சூப்பர். அப்ப பிஎஸ் 2 திங்கக்கிழமை எப்படிண்ணே? அந்த வருஷம் மே 1 திங்கக்கிழமை லீவு வேற.

டிக்கெட் கிழிச்சவன்:

அதான், லீவு இருந்ததால நாலு நாளும் நல்லா போச்சு, செவ்வாய்க்கிழமைதான் நிஜம் தெரிஞ்சுது. விழல, ஆனா முதல் பாகம் மாதிரி குடும்பம் குடும்பமா திரும்பத் திரும்ப வரல. முதல் பாகத்துக்கு காலாண்டு லீவு, ஆயுத பூஜைன்னு வரிசையா கெடச்சுது, விடிகாலை ஷோவும் இருந்துச்சு. 2023 பொங்கலுக்கு அப்புறம் தமிழ்நாட்டுல அந்த 4 மணி ஷோவே நின்னுபோச்சு, 9 மணிக்குத்தான் முதல் ஆட்டம். மலை ஆளுங்களுக்கு அது ஒருவிதத்துல நல்லது, முன்னாடி ராத்திரியே இறங்கி வந்து பஸ் ஸ்டாண்டு திண்ணைல படுத்துக் கெடப்பானுங்க, இப்ப காலை முதல் பஸ்ஸ பிடிச்சா போதும். உன் தம்பிகிட்ட சொல்லு, பிஎஸ் 2 ஃப்ளாப்பு கிடையாது, முதல் பாகத்த விட கம்மி. ரெண்டும் வேற வேற.

ரெண்டு வாலுக்கு அம்மா:

நான் கொடைக்கானல் பாம்பார்புரம். முன்கதை ஓடாதுன்னு சொன்ன தம்பிக்கு ஒரு பதில் இருக்கு.

2024 டிசம்பர் 20ல ரெண்டு படம் ஒரே நாள் வந்துச்சு, விடுதலை 2, அப்புறம் லயன் கிங்குக்கு முன்கதையா முஃபாசா. எங்க வீட்டுக்காரர் விடுதலைக்கு போகணும்னாரு, பிள்ளைங்க ரெண்டும் சிங்கம்தான்னு அழுது, அர்ஜுன் தாஸ் குரல் குடுத்திருக்காருன்னு கேட்டதும் நானும் பிள்ளைங்க கட்சிக்கு தாவிட்டேன். அந்த முஃபாசா அமெரிக்காவுல முதல் மூணு நாள் வெறும் 35 மில்லியன் டாலர்தான் எடுத்துச்சு, அவ்ளோதான் படம் போச்சுன்னு எழுதுனாங்க. கடைசில உலகம் முழுக்க 700 மில்லியன் தாண்டிருச்சு. லீவு முழுக்க பிள்ளைங்க கூட்டிட்டுப் போச்சுங்க. 2019 லயன் கிங் எடுத்த 1.6 பில்லியன்ல பாதிகூட இல்லதான், ஆனா அது தோத்த படமும் இல்ல. டிக்கெட் அண்ணன் சொன்ன திங்கக்கிழமை கணக்கு இங்க தலைகீழா இருக்கு பாருங்க, முதல் மூணு நாள்தான் மோசம், சொந்தக் கால்ல நின்னது அப்புறம்.

முன்கதைல யாரு சாவா யாரு பொழைப்பான்னு நமக்கு முன்னாடியே தெரியும், அப்ப எதுக்கு உக்காந்து பாக்கணும்? என் சின்னது படம் பூரா ஒரே கேள்விதான் கேட்டுச்சு, "ஸ்கார் எப்பம்மா கெட்டவனா ஆவான்?" அதுதான் டிக்கெட். பில்லா 2க்கு அப்படி ஒரு கேள்வியே இல்லையே, டேவிட் பில்லா டான் ஆவான்னு தெரியும், எப்படி ஆனான்னு யாரும் தவிக்கல. அதுக்கு மேல அது ஏ சர்டிஃபிகேட்டு. 2007 படத்த குடும்பத்தோட பாத்தவங்க 2012ல பிள்ளைங்கள எங்க விட்டுட்டுப் போறது?

லீவு விஷயம் சொல்லணும்னா அரண்மனை 4. 2024 மே 3. அந்த வாரம்தான் இங்க சுற்றுலா வர்ற வண்டிங்களுக்கு இ-பாஸ் ஆரம்பிச்சது, 7ஆம் தேதி, ஊரெல்லாம் அதே பேச்சு, எங்க பிள்ளைங்களுக்கு பேய்ப் படம் மட்டும்தான் பேச்சு. விமர்சனத்துல யாரு பாராட்டுனா? நாலாவது பாகம், கதையும் கிட்டத்தட்ட அதேதான், ஆனா 100 கோடி கிட்ட போச்சு. வருஷ ஆரம்பத்துல இருந்து தமிழ்ல பெருசா எதுவும் ஓடல, பள்ளிக்கூடம் லீவு, வேற படம் இல்ல. சில சமயம் காரணம் அவ்ளோதான்.

கூடலூர் காட்டுயானை:

நீலகிரில இருந்து ஆஜர். காந்தாராவ "அது கன்னடம்"னு தள்ளுனவருக்கு: முதல் காந்தாராவும் பிஎஸ் 1 வந்த அதே 2022 செப்டம்பர் 30தான். கன்னடத்துல மட்டும். தமிழ் டப்பிங் அக்டோபர் 15. எங்க ஊரு மூணு மாநில எல்லை, தமிழ் மலையாளம் கன்னடம் படுகு எல்லாம் கலந்து கெடக்கும், டப்பிங்குக்கு முன்னாடியே பாதிப் பேரு குண்டல்பேட்டை பக்கம் போய் பாத்துட்டு வந்து வெறி பிடிச்ச மாதிரி பேசுனாங்க. 16 கோடில எடுத்த படம்னு சொல்லுவாங்க, 400 கோடி. அத எடுக்கும்போது முன்கதை பிளான் இருந்த மாதிரியே தெரியல, ஜனங்கதான் அந்த தெய்வம் எங்கருந்து வந்துச்சுன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. அதுக்கு பதில்தான் 2025 அக்டோபர் 2ல வந்த சாப்டர் 1, கதம்பர் காலத்துக்குப் போயிட்டாங்க, 800 கோடி தாண்டிருச்சு. யக்கா சொன்னதுதான், கேள்வி இருந்தா முன்கதை ஓடும்.

ஆனா ஒண்ணு, மேட் மேக்ஸ் ஃப்யூரி ரோடுக்கு முன்கதையா வந்த ஃப்யூரியோசாவுக்கும் கேள்வி இருந்துச்சு. அந்த அக்காவுக்கு கை எப்படி போச்சு, எங்கருந்து வந்தா, எல்லாம் ஃப்யூரி ரோடு பாத்தவன் கேட்டதுதான். 2015ல அது 380 மில்லியன் கிட்ட எடுத்துச்சு, 2024ல முன்கதை 170 சொச்சம், போட்ட காசே 168ங்கிறாங்க. படம் அருமையான படம்! ஒம்போது வருஷம் கழிச்சு, அதே நடிகை இல்லாம. கேட்டவன் கேள்விய மறந்துட்டான் போல.

பூம்பாறை பூண்டு:

இடைவெளின்னு மட்டும் சொல்லாதீங்க யானை. பாகுபலிக்கு 21 மாசம், விடுதலைக்கும் 2023 மார்ச் 31ல இருந்து 2024 டிசம்பர் 20, கிட்டத்தட்ட அதே 21 மாசம். விடுதலை 2 மூணு மடங்கா ஆச்சா? கேஜிஎஃப்புக்கு மூணு வருஷத்துக்கு மேல, ஆனா நடுவுல லாக்டவுன்ல வீட்டுல உக்காந்து ஓடிடியிலயும் டிவியிலயும் முதல் பாகத்த ஊரே பாத்து முடிச்சிருச்சு. தியேட்டர்ல பாக்காதவன் பூரா ரெண்டாவதுக்கு வந்தான். இடைவெளி எத்தன மாசம்னு பாக்காதீங்க, அந்த மாசத்துல முதல் படத்துக்கு ஆளு சேந்துச்சா கொறஞ்சுச்சான்னு பாருங்க.

குணா ஜீப்பு:

எல்லாரும் பாகம் 2, பாகம் 1ன்னு பேசுறீங்க, நம்ம கொடைக்கானல்ல நடந்தத விட்டுட்டீங்களே.

குணா 1991 தீபாவளிக்கு தளபதியோட வந்துச்சு, பெரிய கலெக்‌ஷன் எல்லாம் இல்ல. யாரும் குணா 2 எடுக்கல. 33 வருஷம் கழிச்சு 2024 பிப்ரவரில மலையாளத்துல மஞ்சும்மல் பாய்ஸ் வருது, 2006ல நெசமா நடந்த சம்பவம், அதுல நம்ம குணா குகையும், குணாவுல வந்த அந்த "கண்மணி அன்போடு" பாட்டும். தமிழ்நாட்டுல மட்டும் 50 கோடி தாண்டுச்சு, டப்பிங் கூட பண்ணாம, முன்னாடி எந்த மலையாளப் படமும் இங்க அவ்ளோ எடுத்ததில்ல. ரெண்டு மாசம் என் வண்டில ஏறுனவன் பூரா ஏறுன ஒடனே ப்ளூடூத்த கேப்பான், எந்தப் பாட்டுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. பில்லர் ராக்ஸ், பைன் காடு எதுவும் வேணாம், நேரா குகை. அங்க போனா கம்பி வேலி, மரத்து வேரு, அவ்ளோதான் தெரியும், உள்ள இறங்க விடமாட்டாங்க. வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு குழிய எட்டிப் பாத்து பேரச் சொல்லி கத்துவானுங்க. கேஎல் நம்பர் போட்ட கேரளா வண்டி நிறுத்த எடமில்லாம நின்னுச்சு.

முதல் பாகம் மேல ஜனங்க வச்சிருந்த பாசத்த ரெண்டாம் பாகமே எடுக்காம இன்னொருத்தன் வந்து வசூல் பண்ணிட்டுப் போயிட்டான். இத எந்த லிஸ்ட்டுல போடுவீங்க?

டிக்கெட் கிழிச்சவன்:

யோவ் ஜீப்பு, இது செம பாயிண்ட். கேரளாவுல இருந்து வந்த படம், எம்ஆர் ஏரியாவ கம்மி வெலைக்கு வாங்குனவன் அந்த மாசம் சிரிச்ச சிரிப்பு இருக்கே.

மூஞ்சிக்கல் மாப்ள:

அண்ணன்மாரே, யக்கா, எல்லாருக்கும் தேங்க்ஸ். எல்லாத்தையும் பெரியப்பா பையனுக்கு அனுப்பிட்டேன். படிச்சிட்டு ஒரே ஒரு பதில் போட்டிருக்கான்: "எந்திரன்ல இருந்து 2.0க்கு டபுள் ஆச்சுல்ல, அப்ப அது இண்டஸ்ட்ரி ஹிட்டு." மறுபடியும் ஆரம்பிக்கிறேன்.