ரெஸ்வெரட்ரால் மாத்திரை ஆயுளைக் கூட்டுமா?

வேம்படி:
என் தந்தைக்கு வயது 71. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையைச் சில ஆண்டுகளாக எடுத்துக்கொள்கிறார். திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ரால் முதுமையைத் தள்ளிப்போடும் என்று ஒரு காணொளியில் பார்த்ததிலிருந்து, அதை வரவழைத்துத் தரும்படி கேட்கிறார். தாவரத்திலிருந்து எடுத்தது என்ன கெடுதல் செய்துவிடும் என்பது அவர் வாதம். இதற்கு ஆய்வின் துணை உண்டா?

ஏட்டுச்சுவடி:
காணொளிக்காரர் முழுப் பொய் சொல்லவில்லை. கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார். 2003இல் முதுமை ஆய்வாளர் டேவிட் சின்கிளேர் உள்ளிட்டோர், ரெஸ்வெரட்ரால் ஈஸ்ட் என்ற நுண்ணுயிரின் ஆயுளைக் கூட்டியதாக எழுதினர். 2006இல், கொழுப்பு மிகுந்த தீனி தின்ற எலிகளில் இதைப் பெற்றவை பெறாதவற்றைவிட அதிகம் பிழைத்திருந்தன. 2008இல் கிளாக்ஸோ ஸ்மித்கிளைன் என்ற மருந்து நிறுவனம், இந்த வழியில் மருந்து தேடிய சர்ட்ரிஸ் நிறுவனத்தை 72 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. மீதிக் கதைதான் முக்கியம்: வழக்கமான தீனி தின்ற எலிகளிடம் அமெரிக்க தேசிய முதுமை ஆய்வு நிறுவனத்தின் திட்டம் சோதித்தபோது ஆயுள் கூடவில்லை. இத்தாலியின் கியாண்டி வட்டாரத்தில் 65 வயதைக் கடந்த 783 பேரின் சிறுநீரில் இதன் சிதைபொருள்களை அளந்து, 9 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. அளவு கூடியவர்களுக்கும் குறைந்தவர்களுக்கும் இறப்பில் வேறுபாடு தென்படவில்லை.

தேயிலைத்தோட்டம்:
அதற்காகத் தாவர வேதிப்பொருள் எல்லாமே வீண் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஜப்பானின் ஒசாகி பகுதியில் 40,530 பேரைத் தொடர்ந்த ஆய்வில், நாளொன்றுக்கு 5 கோப்பைக்குக் குறையாமல் பச்சைத் தேநீர் அருந்தியவர்களிடம் இதய, இரத்தநாள நோய்களால் நேரும் இறப்பு குறைவாக இருந்தது.

ஏட்டுச்சுவடி:
மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் அருந்தியது தேநீர். அதன் சாற்றை அடைத்த குளிகை அன்று. தேநீர் அருந்துகிறவரின் மற்றப் பழக்கங்களும் அந்தக் கணக்கில் கலந்துதான் இருக்கும். நான் மேலே சொன்ன எலித் திட்டத்தில் பச்சைத் தேயிலைச் சாறும் ஆயுளைக் கூட்டவில்லை.

கடுக்காய்:
'தாவரத்திலிருந்து எடுத்தது என்ன செய்துவிடும்' என்ற கேள்விக்குப் பின்லாந்து விடை சொல்லியிருக்கிறது. காரட் போன்ற, பீட்டா கரோட்டின் என்ற நிறப்பொருள் நிறைந்த காய்கனிகளை உண்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று கண்டதால், புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சேர்த்து, அவர்களில் ஒரு பகுதியினருக்கு பீட்டா கரோட்டினையே நாளுக்கு 20 மில்லிகிராம் வீதம் மாத்திரையாகக் கொடுத்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது, மாத்திரை பெற்றவர்களிடம் அந்தப் புற்றுநோய் 18 விழுக்காடும் மொத்த இறப்பு 8 விழுக்காடும் கூடியிருந்தன. காரட்டில் கண்ட நன்மை மாத்திரைக்குள் வந்து சேரவில்லை.

உங்கள் தந்தைக்கு இதைவிட அவசரமான செய்தி வார்ஃபரின்தான். ரெஸ்வெரட்ரால், மஞ்சள் சாறு போன்றவற்றைச் செறிவான அளவில் அதனுடன் சேர்த்தால் இரத்தக் கசிவு ஏற்படும் வாய்ப்பு கூடலாம். மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. குழம்பில் போடும் மஞ்சளைப் பற்றி நான் சொல்லவில்லை.

வேம்படி:
பின்லாந்துக் கதையைப் படித்துக் காட்டினேன்; மாத்திரைப் பேச்சை விட்டுவிட்டார். இனி நாள்தோறும் முருங்கைக்கீரை வேண்டும் என்கிறார். கொடுக்கலாமா?

கடுக்காய்:
கீரையில் உள்ள வைட்டமின் கே வார்ஃபரினுக்கு எதிராக வேலை செய்யும். கீரையை விலக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் நிறையவும் மறு வாரம் இல்லாமலும் போகாதபடி அளவு சீராக இருக்க வேண்டும். இப்போது உண்பதைவிடக் கூட்டுவதாக இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி, இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை பார்த்து மருந்தின் அளவைச் சரிசெய்துகொள்ளுங்கள்.