பிசியோவும் டீச்சரும்: மாற்றுத்திறன் துறையில் மேல்படிப்பு, எதில் சேரலாம்?

தக்கலை_பிசியோ:
எல்லாருக்கும் வணக்கம். பிபிடி (பிசியோதெரபி பட்டம்) முடித்து ஏழு வருடம் ஆகிறது. மார்த்தாண்டத்தில் ஒரு கிளினிக்கில் வேலை, சனிக்கிழமை மட்டும் ஒரு சிறப்புப் பள்ளிக்குப் போகிறேன். முட்டுவலி, முதுகுவலி பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது, அந்தச் சனிக்கிழமையை நம்பித்தான் வாரம் ஓடுகிறது. வீட்டில் மனைவி உதவிபெறும் பள்ளியில் டீச்சர், சாதாரண பி.எட். அவள் வகுப்பில் ஆட்டிசம் உள்ள பையன் ஒருவன் இருக்கிறான், மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விடுவானாம். என்ன செய்வது என்று தினமும் என்னிடம் கேட்கிறாள், எனக்கும் தெரியவில்லை. இரண்டு பேருக்கும் பொருந்துகிற மாதிரி ஒரே பிஜி கோர்ஸ் உண்டா? கைக்குழந்தை இருப்பதால் சென்னையில் போய் வருடக்கணக்கில் தங்க முடியாது. ஆன்லைனில் ஒரு டிசெபிலிட்டி கோர்ஸ் விளம்பரம் வருகிறது, கட்டணமும் குறைவு. சேரலாமா?

குழித்துறைக்காரன்:
பணம் கட்டிவிடாதே தம்பி. நானும் இப்படி ஒன்றில் பதினைந்தாயிரம் கட்டினேன். ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) அங்கீகாரம் 'பிராசஸில்' இருக்கிறது என்றார்கள். மூணு வருசமாக பிராசஸில்தான் இருக்கிறது.

பிஆர்சி_அக்கா:
வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியராக இருக்கிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன். தம்பி, நீங்கள் இரண்டு பேரும் இரண்டு வெவ்வேறு கதவு. ஒரே கோர்ஸ் என்று தேடினால் அலைச்சல்தான் மிஞ்சும்.

டீச்சருக்கு ஆர்சிஐதான் எல்லாம். 1992 சட்டப்படி சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்சியாளர், மருத்துவ உளவியலாளர் எல்லாரும் அந்தப் பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் வேலை செய்ய முடியும். பதிவு இல்லாமல் செய்தால் ஒரு வருடம் வரை சிறை என்றுகூட சட்டத்தில் இருக்கிறது (அபராதம் வெறும் ஆயிரம் ரூபாய், சிரிப்பு வரும்). பொது பி.எட்டை மட்டும் வைத்துக்கொண்டு நேராக எம்.எட் சிறப்புக் கல்வியில் சேர முடியாது, முதலில் சிறப்புக் கல்வியில் பி.எட்டோ டிப்ளமாவோ வேண்டும். நான் பி.எட் சிறப்புக் கல்வியைத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்துக்கொண்டே முடித்தேன், இரண்டரை வருடம். தீபாவளி, கிறிஸ்மஸ் லீவெல்லாம் நேர்முக வகுப்புக்கே போனது. சேருவதற்கு முன்னால் அந்த வருடத்துக்கு ஆர்சிஐ அனுமதி இருக்கிறதா என்று ஆர்சிஐ தளத்திலேயே பார்க்கச் சொல்லுங்கள், கல்லூரிக்காரர் வாய்வார்த்தை வேண்டாம். அதற்கப்புறம் எம்.எட் என்றால் கோவை பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ணா மிஷனின் விவேகானந்தா நிறுவனம் இருக்கிறது, நல்ல இடம்.

பிசியோ ஆர்சிஐக்குள் வராது. உங்களுக்கு 2021ல் வந்த, மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வேறு. எம்பிடியில் (பிசியோ மேல்பட்டம்) குழந்தைகள் பிரிவு எடுத்தால் இரண்டு வருடம். முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமான நிப்மெட்டில், ஆரம்பநிலைத் தலையீட்டுக்கு (வளர்ச்சிக் குறைபாடு உள்ள சின்னக் குழந்தைகளுக்குச் சீக்கிரமே பயிற்சி கொடுப்பது) ஒரு வருட பிஜி டிப்ளமா உண்டு, அதில் பிசியோ படித்தவர்களும் சேரலாம். ஆனால் அது ஈசிஆர் ரோட்டில் சென்னைக்குப் பக்கம், உங்களுக்கு ஒத்துவராது.

அப்புறம் அந்தப் பையன். மணி அடிக்க ஐந்து நிமிடம் முன்னால் அவனிடம் சொல்லிவிட்டு, வராந்தாவின் தள்ளியிருக்கிற முனைக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். இதற்கு டிகிரி வேண்டாம்.

கடலோரம்:
அக்கா சொன்னது சரி. நான் வேறொன்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சமூகப் பணி படித்தவன். குறும்பனைக் கடற்கரைப் பக்கம் சிபி (மூளை முடக்குவாதம்) உள்ள ஒரு பிள்ளைக்கு முகாமில் வீல்சேர் கொடுத்தார்கள். மாலையெல்லாம் போட்டு போட்டோ எடுத்தார்கள். மூன்று மாதம் கழித்துப் போனால் அதில் வலை காய்கிறது. கோபம் வந்தது, அந்த அம்மாவிடம் கேட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் சேரை வாசலுக்கு இறக்கித் தள்ளிக் காட்டினார். முன்னால் இருக்கிற சின்னச் சக்கரம் இரண்டும் மணலில் புதைந்து நின்றுவிட்டது, வீட்டிலிருந்து ரோடு வரைக்கும் அதே மணல்தான். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே போய்விடுகிறார், பிள்ளைக்கோ வயது ஒன்பது. பிசியோ கண்ணுக்கு அது காலில் இருக்கிற பிரச்சினை. எனக்கு அந்தப் பாதைதான் பிரச்சினை. பிரிட்டன் ஆய்வாளர் மைக் ஆலிவர் 1983ல் 'சோஷியல் மாடல்' (குறை உடம்பில் இல்லை, சுற்றியிருக்கிற தடையில் என்கிற பார்வை) என்று பெயர் வைத்தது இதற்குத்தான், டிசெபிலிட்டி ஸ்டடீஸில் அடிப்படைப் பாடமே இது. படிக்க வேண்டிய விஷயம்தான், ஆனால் அந்தப் பட்டம் கிளினிக்கில் கைகொடுக்காது. எதற்குப் படிக்கிறோம் என்று தெரிந்து சேருங்கள்.

இன்னொன்று, நம்ம ஆட்கள் படிப்பு என்றால் சென்னையைப் பார்ப்பார்கள், திருவனந்தபுரம் பக்கத்தில் கிடக்கிறது. ஆக்குளத்தில் நிஷ் (பேச்சு, கேட்புக்கான தேசிய நிறுவனம்), மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் சிடிசி (குழந்தை வளர்ச்சி மையம்). குழித்துறையில் ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். நிஷ் பெரும்பாலும் பேச்சு, கேட்புப் படிப்பு, உங்களுக்கு நேராகப் பொருந்தாமல் போகலாம், ஆனாலும் இரண்டு இடத்திலும் குறுகிய காலப் பயிற்சி ஏதும் உண்டா என்று நேரில் போய்க் கேளுங்கள். மலையாளம் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தக்கலை_பிசியோ:
நன்றி அக்கா, நன்றி அண்ணே. அந்த ஆன்லைன்காரனை பிளாக் பண்ணிவிட்டேன். அவள் பி.எட் சிறப்புக் கல்வி அறிவிப்பைத் தேட ஆரம்பித்துவிட்டாள், நான் அடுத்த வாரம் லீவு போட்டு சிடிசி போகிறேன். அண்ணே, அந்தப் பிள்ளைக்கு இப்போது யாராவது பார்க்கிறார்களா? முன்சக்கரத்தை அகலமாக மாற்ற முடியுமா என்று பார்க்கலாம், எங்கள் பக்கம் வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவர் தெரிந்தவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரட்டுமா?