பழைய வீட்டுச் சிமெண்டுத் தரையும் கார் போர்ச்சும்: மலேசியா பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் பார்த்த கோளாறுகள், செய்த வைத்தியம்

கொத்துக்கரண்டி:

நம்ம ஊர் தாமான்களில் (குடியிருப்புகளில்) 70, 80களில் எழும்பின வரிசை வீடுகளின் கார் போர்ச்சில் கோளாறு பெரும்பாலும் ஒரே மாதிரிதான். பெருக்கப் பெருக்கத் தூசு, குறுக்கே ஓடும் வெடிப்பு, லோங்காங் (சாக்கடை) ஓரம் உடைந்த முனை, குழாய்ப் பக்கம் வழுக்கும் பாசி. வீட்டுக்காரர் அதற்குள் பெயிண்டு டின் வாங்கி வைத்திருப்பார். டின் ஒரு பக்கம் இருக்கட்டும், முதலில் தரையைச் சோதிக்கணும்.

சுத்தியலால் ஓரடிக்கு ஓரடி தட்டிக்கொண்டே போங்கள். 'கிண்' என்றால் கெட்டி. 'டொக்' என்று பொள்ளல் சத்தம் வந்த இடத்தைச் சாக்கட்டியால் வட்டம் போடுங்கள். பெரிய தரையாக இருந்தால் கனத்த சங்கிலி ஒன்றை இழுத்துக்கொண்டு நடந்தாலே சத்தம் மாறுவது காதில் விழும். வட்டத்துக்குள் இரண்டில் ஒன்று இருக்கும். மேல்பூச்சு மட்டும் தளத்தை விட்டுக் கிளம்பியிருக்கும், இல்லையென்றால் தளத்துக்கே அடியில் மண் இறங்கிக் காலியாகியிருக்கும். ஒரு துளை போட்டுக் கம்பி விட்டால் எது என்று தெரிந்துவிடும்.

அடுத்தது ஈரம். 18 இன்ச் சதுரத்துக்குக் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக்கை நாலு ஓரமும் டேப் ஒட்டிக் குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். நேர் வெயில் படாத இடம் வேண்டும். எடுக்கும்போது உள்பக்கம் வேர்த்திருந்தாலோ தரை கருத்திருந்தாலோ அடியிலிருந்து ஈரம் ஏறுகிறது. அந்தக் காலத்துத் தளங்கள் பலவற்றில் கீழே பிளாஸ்டிக் விரிப்பே கிடையாது, மண்மேல் நேராகக் கான்கிரீட்தான்.

கடைசியாக ஒரு சொட்டுத் தண்ணீர். உடனே உறிஞ்சினால் சீலர் (தரையைக் காக்கப் பூசும் திரவம்) இறங்கும். உருண்டு நின்றால் பழைய சீலரோ எண்ணெயோ இருக்கிறது, அதை எடுக்காமல் எதைப் பூசினாலும் உரிந்து வரும்.

பால்வெட்டு_பேரன்:

அண்ணே, அடியில் காலி என்று சொன்னீர்களே, நம்ம பக்கம் அதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. ரப்பர்க் காட்டை அழித்துப் போட்ட தாமான்களில் அடிக்கட்டையை முழுசாகத் தோண்டாமல் மண்ணைத் தள்ளி மூடின இடங்கள் இருக்கு. கட்டை உள்ளேயே மக்கும், கரையானும் சேரும், மேலே தளம் அந்தரத்தில் நிற்கும். காரின் சக்கரம் தினமும் ஏறுகிற இடத்தில் ஒரு நாள் உடையும். இந்த வெடிப்பு நேராக ஓடாது, வளைந்து வட்டமாகப் போகும். மழை விட்ட பிறகு அந்த வட்டத்துக்குள் மட்டும் தண்ணீர் நிற்கும்.

இதற்கு மேல்பூச்சு பூசுவது காசுக்குக் கேடு. வெடிப்புக்கு ஓரடி வெளியே தள்ளி, கட்டரால் நேர்கோடாக அறுத்து, அந்தக் கட்டத்தையே உடைத்து எடுக்கணும். மக்கின கட்டை, கறுத்த மண் எல்லாவற்றையும் அள்ளிவிட்டு கிரஷர் ரன் (பொடியோடு சேர்ந்த உடைகல்) 6 இன்ச் கனத்துக்குக் கொட்டி கொம்பெக்டர் (இடித்து இறுக்கும் மிஷின்) ஓட்டுங்க, பிறகு அடுத்த 6 இன்ச். ஒரேயடியாக இரண்டடி கொட்டி மேலே மட்டும் இடித்தால் கீழே இறுகாது, மறுபடி இறங்கும். கான்கிரீட் ஊற்றும் முன் கரையான் மருந்துக்காரரையும் கூப்பிடுங்க. முன்னால் மண்ணுக்கு மருந்து அடித்திருந்தாலும் தோண்டின இடத்தில் அது போச்சு.

ஆற்றோரம்:

தெலுக் இந்தான் பக்கம் கட்டைப் பிரச்சினையை விடக் களிமண் பிரச்சினைதான் பெரிசு. 1885இல் கட்டின கோபுரமே சாய்ந்து நிற்கிற ஊர், மண்ணைப் பற்றி வேறு சொல்லணுமா. வீடு பைலிங்மேல் (ஆழமாக இறக்கின தூண்கள்மேல்) நிற்கும், போர்ச் சும்மா மண்மேல் கிடக்கும். போர்ச் மட்டும் இறங்கும்போது இரண்டும் சேருகிற வாசலில் வெடிக்கத்தான் செய்யும். அதைச் சிமெண்டால் அடைத்தால் பக்கத்திலேயே இன்னொன்று கிளம்பும். அந்தக் கோட்டை அரை இன்ச் அகலத்துக்கு அறுத்து, உள்ளே ஃபோம் கயிறு திணித்து, மேலே பி.யூ. சீலண்ட் (ரப்பர் மாதிரி இழுபடும் பாலியூரித்தேன் பசை) கால் இன்ச் ஆழத்துக்குப் போடுங்கள். சீலண்ட் இரண்டு பக்கவாட்டிலும் மட்டும் பிடிக்கணும். அடியிலும் பிடித்துக்கொண்டால் தளம் அசையும்போது இழுபட முடியாமல் கிழியும். கயிறு போடுவது அதற்காகத்தான், சீலண்டை மிச்சம் பிடிக்க அல்ல.

நாலாம்_நம்பர்_அக்கா:

வெடிப்பு இன்னும் அசைகிறதா, எப்போதோ வெடித்து அப்படியே நின்றுவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறது தம்பிகளா? எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் இருக்கிறது. அப்புறம் கேட் பக்கம் உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்த குழிகளைக் கொன்ட்ரெக்டர் அடைத்துவிட்டுப் போனார், அடுத்த மழைக்காலத்திலேயே மூடி மாதிரி கையோடு வந்துவிட்டது.

கொத்துக்கரண்டி:

அக்கா, வெடிப்பின் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு கிழித்துத் தேதி எழுதுங்கள். நடுவில் இரண்டு பக்கமும் ஒரு புள்ளி வைத்து இடைவெளியை அளந்து வையுங்கள். நல்ல வெயில் காலத்தில் ஒரு தடவை, அடைமழைக்குப் பிறகு ஒரு தடவை அளந்தால் போதும். மாறாமல் இருந்தால் தூசை ஊதி எடுத்துவிட்டு தண்ணீர் மாதிரி ஓடுகிற எப்பாக்சி (இரண்டு பாகத்தைக் கலந்தால் இறுகும் பிசின்) ஊற்றலாம். மாறினால் மேலே சொன்ன சீலண்ட்தான்.

குழி பெயர்ந்து வருவதற்குக் காரணம் ஓரம். மெலிந்துகொண்டே போய்ப் பூஜ்யத்தில் முடிகிற ஓரம் சீக்கிரம் காய்ந்து சுருண்டு கிளம்பும். குழியைச் சுற்றிச் சதுரமாக, குறைந்தது 10 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் செங்குத்தாக அறுத்து, உள்ளே கெட்டியான கல் தெரியும் வரை கொத்தணும். கம்பி தெரிந்தால் துரு போகத் தேய்த்து, கம்பியின் அடிப்பக்கமும் விரல் நுழையும் அளவுக்குக் கொத்துங்கள். துரு இரும்பை விடப் பல மடங்கு இடம் பிடிக்கும், மிச்சம் வைத்தால் புது ஒட்டையும் தள்ளிவிடும். முந்தின இரவே தண்ணீர் விட்டு ஊறவைத்து, வேலை நேரத்தில் ஈரம் இருக்கணும், தேங்கின தண்ணீர் இருக்கக்கூடாது.

பிடிமானத்துக்கு எஸ்.பி.ஆர். பால் (சிமெண்டில் கலக்கும் செயற்கை ரப்பர்ப் பால்) ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து, அதில் சிமெண்டைப் போட்டுக் குழம்பாக்கிப் பிரஷால் தேய்த்துப் பூசுங்கள். அது காயும் முன்னாலேயே கலவையை அழுத்தணும். முதலில் குழி எல்லாவற்றுக்கும் பால் பூசிவிட்டு டீ குடிக்கப் போனால் அது தோலாகக் காய்ந்து, ஒட்டவைக்கிறதுக்குப் பதில் பிரிக்கிற வேலையைச் செய்யும். மரத்துக்கு ஒட்டுகிற வெள்ளைப் பசை வெளித்தரைக்கு ஆகாது, மழை ஈரத்தில் மறுபடி இளகும்.

உரமூட்டை:

தரையைத் தின்கிற சாமான்களைப் பற்றியும் பேசணும். செம்பனை (எண்ணெய்ப்பனை) சின்னத் தோட்டம் வைத்திருக்கிற வீடுகளில் உரத்தைப் போர்ச்சில்தான் அடுக்குகிறார்கள். அமோனியம் சல்பேட் மூட்டை ஓட்டையாகி மழைச்சாரலில் கரைந்தால் கான்கிரீட்டுக்கு அதைவிட மோசமான சாமான் குறைவு. அமோனியம் சுண்ணாம்பை அரித்து எடுக்கும், சல்பேட் உள்ளே போய் உப்பவைக்கும். மூட்டையை நகர்த்தினால் கீழே ஈர மாவாக இருக்கும், ஸ்குரூ டிரைவரால் சுரண்டினாலே வரும். அதற்கு மேல் சீலர் போட்டு மூடினவர்கள் உண்டு, சீலரும் மாவும் சேர்ந்தே வந்தது. கெட்டித் தளம் வரும் வரை கிரைண்டரால் எடுத்து, நன்றாகக் கழுவி, பிறகுதான் ஒட்டு. மூட்டையைப் பலகைமேல் ஏற்றி வைத்தால் இந்த வேலையே இல்லை.

ரப்பர்ப் பால் உறையவைக்கிற ஃபார்மிக் ஆசிட், கட்டிப்பாலிலிருந்து (கோப்பையில் உறைந்த ரப்பர்ப் பால்) வடிகிற தண்ணீர், இரண்டும் புளிப்பு. சிமெண்டைக் கரைத்துக் கல்லை மட்டும் மிச்சம் வைக்கும். வீட்டுக்குப் பின்னால் முன்பு ரப்பர்ப் பாலை உறையவைத்து ஷீட் போட்ட இடங்களில் தரை சொரசொரவென்று கல் தெரிய இருப்பது அதனால்தான்.

சமையல் எண்ணெய் கறையோடு நிற்கும் என்று நினைக்கிறோம். தீபாவளிக்குப் போர்ச்சில் அடுப்பு போட்டு முறுக்கு சுடுகிற மூலையைப் பாருங்கள். எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலம் சுண்ணாம்போடு சேர்ந்து சோப்பாகி மேல்பரப்பை இளக்கும். கார் எண்ணெய் அப்படி அரிக்காது, கருப்பாக்கும், பெயிண்டை ஒட்டவிடாது. இரண்டுக்கும் ஒரே முறைதான். மரத்தூளை டிகிரீசரில் (எண்ணெய் நீக்கும் திரவம்) பிசைந்து அரை இன்ச் கனத்துக்கு அப்பி, பிளாஸ்டிக் மூடி ஒரு நாள் விட்டு, காய்ந்ததும் சுரண்டி எடுங்கள். பழைய கறைக்கு இரண்டு மூன்று தடவை வேண்டும்.

பாசிக்குக் குளோரோக்ஸ் (துணி வெளுக்கும் பிளீச்) ஒரு பங்கு, தண்ணீர் நாலு பங்கு, கால் மணி நேரம் காயவிடாமல் வைத்துப் பிரஷ் போடுங்கள். அந்த இடத்தில் ஆசிட்டை மட்டும் கொண்டுவராதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடின பின்கட்டில் உயிருக்கே ஆபத்து. பிரஷர் ஜெட் போடுகிறவர்கள் 25 டிகிரி நாசிலை ஓரடி தள்ளிப் பிடிக்கணும். கிட்டே வைத்தால் ஒவ்வொரு இழுப்பும் தரையில் கோடாக நிற்கும், பிறகு அது மறையாது.

சிவப்புத்தரை:

உள் அறையில் சிவப்புச் சிமெண்டுத் தரை இருக்கிறவர்கள் தயவுசெய்து ஆசிட் ஊற்றாதீர்கள். அந்த மினுக்கம் மேலே உள்ள மெல்லிய சிமெண்டுத் தோலில்தான் இருக்கிறது, ஒரு தடவை ஆசிட் பட்டால் வெளுத்துச் சொரசொரப்பாகிவிடும். பழைய மெழுகை டர்ப்பண்டைன் நனைத்த துணியால் சின்னச் சின்ன இடமாகத் துடைத்து எடுங்கள், ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பை அணைத்துவிட்டு.

ஓட்டைக்குக் கலவை சேர்க்கும்போது சிவப்புப் பொடி சிமெண்டின் எடையில் 5 சதவீதம், அதாவது கிலோவுக்கு 50 கிராம். 10 சதவீதத்தைத் தாண்டினால் பலம் குறையும். கண்ணளவு வேண்டாம், சமையலறைத் தராசு போதும். ஈரமாக இருக்கும்போது நிறம் அடர்த்தியாகத் தெரியும், ஒரு வாரம் காய்ந்தால்தான் உண்மை நிறம். அட்டையில் இரண்டு மூன்று சாம்பிள் போட்டுக் காயவைத்துப் பாருங்கள். அப்படியும் நூறு சதம் ஒத்துப்போகாது, பழைய தரைக்கு அது அழகுதான். வெள்ளை உப்புப் பூத்தால் உலர்ந்த பிரஷால் தேய்த்துக் கூட்டி எடுக்கணும். தண்ணீர் ஊற்றினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும்.

டின்_திறந்தவர்:

எப்பாக்சி விஷயம். வெளித்தரையில் எப்பாக்சி வெயிலுக்கு மஞ்சளாகும், பொடியும். பிளாஸ்டிக் சோதனையில் வேர்த்த தரையில் போட்டால் கொப்புளம் கிளம்பும், குத்தினால் தண்ணீர் வரும். ஓடி வந்த காரை நிறுத்தினால் சூடான டயர் அதைப் பிடித்துக்கொண்டு உரித்து எடுப்பதும் உண்டு. கூரை போட்ட, ஈரம் ஏறாத போர்ச்சுக்கு ஆகும். அங்கேயும் கிரைண்டரில் டைமண்ட் கப் (வைரத்தூள் பதித்த சக்கரம்) வைத்து மேல்தோலை எடுக்காமல் பூசினால் நிற்காது. உலர்ந்து அரைக்கும்போது பறக்கிற சிலிக்கா தூசு நுரையீரலில் தங்கிவிடும், துணி முகமூடி போதாது, என்95 வேண்டும்.

கிரைண்டர் இல்லாமல் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டால் சொரசொரப்பாக்குகிறவர்கள் தண்ணீர் பத்து பங்குக்கு ஆசிட் ஒரு பங்கு போடுங்கள். ஆசிட்டைத்தான் தண்ணீரில் ஊற்றணும், மாற்றி ஊற்றினால் தெறிக்கும். நம்ம பக்கம் ஈப்போ சுண்ணாம்புக் கல் ஜல்லி போட்ட தளமும் இருக்கு, அதில் சிமெண்டோடு கல்லும் நுரைத்துக் கரையும். பிறகு சோடா உப்புத் தண்ணீரால் முறித்து நன்றாகக் கழுவணும்.

ஈரம் ஏறுகிற தரைக்கு மூடுகிற பூச்சு எதுவும் வேண்டாம். தூசு மட்டும் பறந்தால் லித்தியம் சிலிக்கேட் ஹார்ட்னர், அது தரையில் உள்ள சுண்ணாம்போடு சேர்ந்து கெட்டியாகும். மழை உறிஞ்சாமல் இருக்கச் சிலேன்-சிலோக்சேன். இரண்டும் மூச்சு விட இடம் கொடுக்கும், நிறமும் பெரிசாக மாறாது. சிலேன் அடிக்கும்போது முதல் பூச்சு காயும் முன்னாலேயே இரண்டாவதை அடித்துவிடுங்கள், காய்ந்தால் அது இரண்டாவதையே தள்ளும். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில் மேற்குக் கரையில் சாயங்கால மழை தப்பாது. ஜூன், ஜூலை நல்லது. காலைப் பனி காய்ந்து பத்து மணிக்கு மேல் தொடங்கி, மத்தியானத்துக்குள் முடியுங்கள்.

பால்வெட்டு_பேரன்:

உடைத்துவிட்டுப் புதுசாகவே ஊற்றுகிறவர்களுக்குக் கணக்கு. 10 அடிக்கு 20 அடி, 4 இன்ச் கனம் என்றால் 1.9 கன மீட்டர். 1:1½:3 (சிமெண்டு, மணல், கல்) கலவைக்கு 50 கிலோ சிமெண்டு 15, 16 மூட்டை, மணல் 0.8, முக்கால் இன்ச் கல் 1.6 கன மீட்டர். மூட்டைக்குத் தண்ணீர் 25 லிட்டர்தான் உச்சம், மணல் மழையில் நனைந்திருந்தால் 20இல் ஆரம்பிங்க. பி.ஆர்.சி. வலையை (பற்றவைத்த இரும்புக் கம்பி வலை) மண்ணில் விரித்துவிட்டு ஊற்றும்போது கொக்கியால் தூக்கிவிடுவோம் என்பார்கள், அது கீழேயே கிடக்கும். சிமெண்டுக் கட்டை வைத்து மேல் மூன்றில் ஒரு பங்கில் நிறுத்தணும். சரிவு 10 அடிக்கு ஒன்றேகால் இன்ச், வீட்டை விட்டு வெளியே. 20 அடியின் நடுவில் 1 இன்ச் ஆழத்துக்கு ஒரு அறுப்பு, ஊற்றின அன்று சாயங்காலமோ மறுநாள் அதிகாலையோ.

மேலே தண்ணீர் மிதக்கும்போது சீக்கிரம் முடிக்க உலர்ந்த சிமெண்டைத் தூவித் தேய்க்கிறார்கள் பாருங்கள், அதை நிறுத்துங்கள். கொத்துக்கரண்டி அண்ணன் முதலில் சொன்ன தூசு பாதி அங்கேயிருந்துதான். தண்ணீர் தானாக வற்றின பிறகு தேய்த்தால் அந்தத் தோல் உரியாது. ஏழு நாள் ஈரச் சாக்கு, அதுவரை கார் வெளியே. உர லோரி ஏறணும் என்றால் 28 நாள், கனமும் 6 இன்ச்.

நாலாம்_நம்பர்_அக்கா:

நன்றி தம்பிகளா. மஞ்சள் கறைக்கு என்ன செய்யலாம்? வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்த இடம் செக்கச்செவேல் என்று நிற்கிறது.

உரமூட்டை:

சிமெண்டில் உள்ள சுண்ணாம்புதான் மஞ்சளைச் சிவப்பாக்குகிறது அக்கா, ஆரத்தித் தட்டில் நடக்கிறதேதான். சோப்புப் போட்டால் இன்னும் சிவக்கும். வெறும் தண்ணீரால் கழுவிவிட்டு வெயிலில் விடுங்கள், மஞ்சள் நிறம் வெளிச்சத்துக்குத் தாங்காது. கூரைக்கடியில் வெயில் வராத இடம் என்றால் பாசிக்குச் சொன்ன அதே குளோரோக்ஸ் தண்ணீர்.