பீம் அண்டெனா: மீட்டர் 1.2 காட்டுகிறது, சிக்னல் ஏன் எட்டவில்லை?

பீம் என்பது சிக்னலை ஒரு திசையில் குவித்து அனுப்பும் அண்டெனா. இங்கே மீட்டர் என்பது அண்டெனாவிலிருந்து எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டர்; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. மலேசிய வானொலி ஆர்வலர்களின் பதில்கள், அவரவர் ஊர்ப் பெயரில்:

செராஸ்:

சிபிக்கு (27 மெகாஹெர்ட்ஸ் பொதுமக்கள் வானொலிக்கு) மூன்று எலிமென்ட் (குறுக்குக் குழாய்) பீம் வாங்கப் போகிறவர்கள் முதலில் கூரையை அளந்து பாருங்கள். 27 மெகாஹெர்ட்ஸில் ரிஃப்ளெக்டர் (பின்பக்க எலிமென்ட்) 5.5 மீட்டர், பூம் (எலிமென்ட்டுகளைத் தாங்கும் நடுக்குழாய்) 3.8 மீட்டர் அளவில் வரும். அது சுற்றும் வட்டத்தின் விட்டம் 6.7 மீட்டர், அதாவது 22 அடி. தாமான் வரிசை வீடுகள் பல 20 அடி அகலம்தான். கம்பத்தை நட்ட நடுவில் நிறுத்தினாலும் முனை பக்கத்து வீட்டு ஓட்டுக்கு மேல் போய்விடும். இரண்டு எலிமென்ட், ஒன்றரை மீட்டர் பூம் என்றால் 19 அடிக்குள் அடங்கும். முன்பக்க வலு ஒன்றரை டெசிபெல் அளவு குறையும். பேச்சில் அது தெரியாது. பின்பக்கச் சிக்னலை அடைக்கும் திறன் குறைவதுதான் தெரியும். இடம் இல்லாத வீட்டில் பெரியதைத் திணிப்பதைவிட இதுவே மேல்.

பாயான் லெப்பாஸ்:

செராஸ் அண்ணன் சொன்னதோடு ஒன்று. எலிமென்ட் படுத்திருக்க வேண்டுமா, நிற்க வேண்டுமா என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். ரீப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) அண்டெனாவும் கார் அண்டெனாவும் நிமிர்ந்தவை. படுக்கைப் பீமில் அவற்றைக் கேட்டால் 20 டெசிபெல் வரை போய்விடும். 2 மீட்டர் பேண்டில் (145 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) எஃப்எம் பேச நிமிர்த்துங்கள். தூரத்து எஸ்எஸ்பி (குறுகிய அலைவரிசைப் பேச்சு முறை) தொடர்புக்குப் படுக்க வையுங்கள்.

நிமிர்த்தும்போது பலர் இரும்புக் கம்பத்தை எலிமென்ட்டுகளுக்கு நடுவே கொண்டுபோகிறார்கள். கம்பமும் ஒரு எலிமென்ட் மாதிரி நடந்துகொண்டு திசையைக் கலைத்துவிடும். கம்பம் ரிஃப்ளெக்டருக்குப் பின்னால் வர வேண்டும், இல்லாவிட்டால் மேல் ஒரு மீட்டராவது ஃபைபர் குழாயாக இருக்க வேண்டும்.

செந்தூல்:

காமா மேட்ச் (கேபிளை எலிமென்ட்டோடு பொருத்தும் சிறு குழாயும் உள்கம்பியும்) உள்ள பீம்களில் கோளாறு வருவதே வேலையின் வரிசையில்தான். மீட்டர் இறங்க வேண்டும் என்று நேரே காமாவைப் பிடித்து நகர்த்துகிறார்கள். காமாவின் வேலை கேபிளின் 50 ஓமுக்குப் பொருத்துவது, அவ்வளவுதான். சிக்னல் எந்தப் பக்கம் போகும் என்பது ரிஃப்ளெக்டர், டைரக்டர் (முன்பக்க எலிமென்ட்) நீளத்திலும் இடைவெளியிலும் இருக்கிறது. ரிஃப்ளெக்டர் குட்டையாக இருந்தாலும் மீட்டர் 1.1 காட்டும், பீம் பின்னால் பேசிக்கொண்டிருக்கும்.

பூமைச் செங்குத்தாக நிறுத்தி, டைரக்டர் வானத்தைப் பார்க்க, மர ஏணியில் கட்டுங்கள். ரிஃப்ளெக்டர் தரையிலிருந்து ஒரு மீட்டராவது மேலே இருக்கட்டும். ஜிங்க் கூரைக்குப் பக்கத்தில் வேண்டாம். 5 வாட்டுக்கு மேல் கொடுக்காதீர்கள். சேனல் 1, 20, 40 மூன்றிலும், அதாவது 26.965, 27.205, 27.405இல், அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 1இல் குறைந்து 40இல் ஏறினால் டிரிவன் எலிமென்ட் (கேபிள் சேரும் எலிமென்ட்) நீளம் அதிகம். இரு முனையிலும் ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளினால் ஏறத்தாழ 100 கிலோஹெர்ட்ஸ் மேலே நகரும். ஒரு பக்கம் மட்டும் தள்ளக் கூடாது.

மீட்டரின் மிகக் குறைந்த அளவு சேனல் 20க்கு வந்த பிறகுதான் காமா. காமா குழாயை எலிமென்ட்டோடு இணைக்கும் பட்டையை ஒரு சென்டிமீட்டர் நகர்த்தி, உள்கம்பியை முன்னும் பின்னும் இழுத்து மிகக் குறைந்த இடத்தைப் பிடியுங்கள். மறுபடி பட்டை, மறுபடி கம்பி. 1.3க்குக் கீழே வந்ததும் நிறுத்திப் பெயின்ட்டால் கோடு போடுங்கள். காற்றில் பட்டை நழுவினால் கீழிருந்தே தெரியும்.

காமா குழாயின் வெளிமுனையை மூடி, அடிப்பக்கத்தில் சின்ன ஓட்டை விடுங்கள். மழை விட்டு ஒரு மணி நேரமாகியும் மீட்டர் இறங்காவிட்டால் உள்ளே தண்ணீர் நிற்கிறது. வினிகர் வாடை வரும் சிலிக்கோனைக் கனெக்டரில் பூசாதீர்கள். அந்த அமிலத்தில் செம்பு பச்சை பூத்துவிடும். தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, மேலே கறுப்பு டேப் போதும். கடற்காற்று அடிக்கும் பினாங்குக்காரர்கள் இதை விடவே கூடாது.

ஆயர் ஈத்தாம்:

கேபிளையும் சேர்த்துப் பாருங்கள். 145 மெகாஹெர்ட்ஸில் 20 மீட்டர் ஆர்ஜி-58 (மெல்லிய கேபிள்) ஏறத்தாழ 4 டெசிபெல் தின்னும். 50 வாட் அனுப்பினால் மேலே 20 வாட்தான் சேரும். அதைவிட மோசம், அண்டெனாவில் மீட்டர் அளவு 3 இருக்கும்போது ரேடியோ முனையில் 1.5 காட்டும். திரும்பி வரும் சக்தியையும் கேபிளே தின்றுவிடுவதால் எல்லாம் சரி என்று நம்பிவிடுவோம். அண்டெனா அடியில் ஒரு முறை அளந்து பாருங்கள். ஆர்ஜி-213 தடிமன், வளைக்கக் கஷ்டம், ஆனால் இழப்பு பாதிக்கும் குறைவு.

செராஸ்:

சிபி பீமை 10 மீட்டர் அமெச்சூர் பேண்டுக்கு மாற்ற முடியுமா என்று கேட்டவருக்கு: முடியும். 27.185இலிருந்து 28.4க்கு எல்லா எலிமென்ட்டும் 4.3 சதவீதம் குறைய வேண்டும். டிரிவனில் பக்கத்துக்கு 11 சென்டிமீட்டர், ரிஃப்ளெக்டரில் 12. அதன் பிறகு காமாவை முதலிலிருந்து பிடிக்க வேண்டும். எம்சிஎம்சி (மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம்) தரும் அமெச்சூர் உரிமம் இல்லாமல் அங்கே பேசக் கூடாது.

பீமைத் திருப்பும் திசைக்கு: வடக்கிலிருந்து வலமாக எண்ணினால், கோலாலம்பூரிலிருந்து சென்னை 296 டிகிரி, சுமார் 2,600 கிலோமீட்டர். நம் ஊரில் காந்த முள் விலகல் ஒரு டிகிரிகூட இல்லை, சாதாரணத் திசைகாட்டியே போதும்.

பாயான் லெப்பாஸ்:

ஜார்ஜ்டவுனில் இருப்பவர்களுக்குச் சோதிக்கச் சுலபமான குறி ஜெராய் மலை, 15 டிகிரி. அந்தப் பக்கமிருந்து வரும் நிலையான சிக்னல் ஒன்றைப் பிடித்து, பீமை மெதுவாக முழுச் சுற்று விடுங்கள். இரண்டு பக்கவாட்டிலும் சிக்னல் ஆழமாக விழ வேண்டும், பின்னால் கொஞ்சம் எழ வேண்டும். பக்கவாட்டுப் பள்ளம் காணவில்லை என்றால் காமாவைத் தொடாதீர்கள், எலிமென்ட்டை அளவு டேப் பிடித்து மறுபடி அளந்து பாருங்கள்.