ஜிஎஸ்ஆர் சென்சார் ரீடிங் ஏன் இப்படி ஆடுது? கை காஞ்சுதானே இருக்கு?

கடைசிபெஞ்ச்_ஈசிஈ:
மினி ப்ராஜெக்ட்டுக்கு அர்டுயினோல ஜிஎஸ்ஆர் சென்சார் (தோல்ல கரண்ட் எவ்வளவு லேசா போகுதுன்னு அளக்குறது) போட்டிருக்கேன். ரெண்டு விரல்ல மாட்டிட்டு சும்மா உக்காந்தா ரெசிஸ்டன்ஸ் மெதுவா ஏறுது, பின்னாடி எவனாவது கையத் தட்டுனா இல்ல நானே மூச்ச நல்லா இழுத்தா டக்குனு இறங்குது, அதுவும் உடனே இல்ல, ரெண்டு செகண்ட் கழிச்சுதான். வியர்வைனு எல்லாரும் சொல்றாங்க, ஆனா கையத் தொட்டுப் பாத்தா ஈரமே இல்லையே? இதுல ஒரு ஃப்ரெண்டுக்கு என்ன பண்ணாலும் கோடு அசையவே மாட்டேங்குது. கைடு வேற "பொய் கண்டுபிடிக்கும் கருவி"னு டைட்டில் வைக்கச் சொல்றார். யாராச்சும் புரியற மாதிரி சொல்லுங்கப்பா.

நரம்புத்தளர்ச்சி:
தம்பி, வியர்வை வெளிய வந்து நனையணும்னு அவசியமே இல்ல. தோலோட மேல் அடுக்கு செத்த செல்லு, கரண்ட் லேசுல போகாது. அதத் துளைச்சுக்கிட்டு வியர்வைக் குழாய் ஆயிரக்கணக்குல மேல வருது, உப்புத்தண்ணி அந்தக் குழாய்க்குள்ள கொஞ்சம் ஏறுனாலே போதும், ஒவ்வொண்ணும் பேரலல்ல மாட்டின ரெசிஸ்டர் கணக்குதான், மொத்த ரெசிஸ்டன்ஸ் இறங்கிரும். உள்ளங்கையிலயும் பாதத்துலயும் இந்த வியர்வைச் சுரப்பி ரொம்ப நெருக்கமா இருக்கு. அங்க சூட்ட விட மனசுக்குத்தான் அதிகமா வியர்க்கும், எக்ஸாம் ஹால்ல பேனா வழுக்குறது அதனாலதான்.

இத ஓட்டுறது சிம்பதெட்டிக் நரம்பு (பதட்டத்துல உடம்ப உசுப்புறது) மட்டும்தான். இதயத்த எடுத்துக்கிட்டா ஒரு பக்கம் சிம்பதெட்டிக் முடுக்கும், இன்னொரு பக்கம் வேகஸ் நரம்பு (பாராசிம்பதெட்டிக், அதாவது உடம்ப அமைதியாக்குற பக்கம்) அடக்கும், துடிப்பு ஏறுச்சுன்னா எது காரணம்னு சொல்ல முடியாது. வியர்வைச் சுரப்பிக்கு பாராசிம்பதெட்டிக் கனெக்‌ஷன் கிடையாது. அதனாலதான் ஆராய்ச்சிக்காரங்களுக்கு இந்த அளவு மேல இவ்வளவு ஆசை. இதுல ஒரு வினோதம் என்னன்னா, சிம்பதெட்டிக்னா நரம்பு நுனியில நார்அட்ரினலின்ங்கிற கெமிக்கல்தான் வரும்னு படிச்சிருப்பீங்க, இங்க மட்டும் அசிட்டைல்கோலின். அந்த அசிட்டைல்கோலின அடக்குற அட்ரோபின் மருந்து குடுத்தா கோடு படுத்துரும்.

லேட் ஆகுறதுக்கு உங்க கோடிங்க சந்தேகப்படாதீங்க. சுரப்பிக்குப் போற கடைசி நரம்புக்கு மயலின் உறை (சிக்னல வேகமாக்குற மேலுறை) இல்ல, செகண்டுக்கு சுமாரா 1 மீட்டர் வேகம்தான், அதுக்கப்புறம் சுரப்பி முழிச்சு குழாய் நிரம்பணும். 1லேருந்து 3 செகண்ட் ஆகுறது நார்மல்.

சால்டரிங்புகை:
ரெசிஸ்டன்ஸா ப்ளாட் பண்ணாத, கண்டக்டன்ஸா (ரெசிஸ்டன்ஸோட தலைகீழ், யூனிட் சீமென்ஸ்) மாத்து. ஒருத்தனுக்கு பேஸ்லைன் 500 கிலோ ஓம், அதாவது 2 மைக்ரோசீமென்ஸ். இன்னொருத்தனுக்கு 100 கிலோ ஓம், 10 மைக்ரோசீமென்ஸ். ரெண்டு பேருக்கும் 0.5 மைக்ரோசீமென்ஸ் ஏறுச்சுன்னு வை, மொதல் ஆளுக்கு 500லேருந்து 400க்கு விழும், ரெண்டாவது ஆளுக்கு 100லேருந்து 95தான். ரெசிஸ்டன்ஸ் கிராஃப மட்டும் பாத்தா மொதல் ஆளு பயந்தாங்கொள்ளி, ரெண்டாவது ஆளு கல்லுன்னு எழுதிருவ.

லேப்ல 0.5 வோல்ட் கான்ஸ்டன்டா குடுத்து அளப்பாங்க, எலக்ட்ரோடு சில்வர் சில்வர்குளோரைடு. நிக்கல் தகடு போட்டா போலரைஸ் ஆகி (மேல சார்ஜ் தேங்கி) ரீடிங் அதுவா நகரும். ஈசிஜி ஜெல்ல தடவாத, அதுல உப்பு ஜாஸ்தி, வியர்வை அளவு உப்புள்ள பேஸ்ட்தான் இதுக்கு. விரல அழுத்திப் புடிச்சாலே ரீடிங் மாறும், பாதி "எமோஷன்" அங்கதான் வருது 😂 அப்புறம் முக்கியமா, ஆள் மேல மாட்டும்போது லேப்டாப்ப சார்ஜர்லேருந்து கழட்டிரு, பேட்டரில ஓட்டு.

வக்கீல்குமாஸ்தா:
கைடு சொன்ன டைட்டில வைக்காதப்பா. பாலிகிராஃப்லயும் (போலீஸ் விசாரணைல வர்ற பொய் மெஷின்) இதே விரல் சென்சார்தான், கூட மூச்சும் பிபியும் அளப்பாங்க. ஆனா அது காட்டுறது ஆளு உள்ளுக்குள்ள உசுப்பப்பட்டிருக்கான்னு மட்டும்தான், ஏன்னு காட்டாது. கொலைகாரன்கிட்ட கத்தியப் பத்திக் கேட்டாலும் ஏறும், ஒண்ணுமே பண்ணாதவன் நம்ம மேல சந்தேகப்படுறாங்களேன்னு பதறுனாலும் ஏறும். 2010ல செல்வி எதிர் கர்நாடக மாநிலம் வழக்குல சுப்ரீம் கோர்ட்டே, சம்மதம் இல்லாம பாலிகிராஃப், நார்கோ (மருந்து குடுத்து விசாரிக்கிறது) எதுவும் பண்ணக்கூடாதுன்னு, யாரையும் தனக்கு எதிரா சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக்கூடாதுங்கிற அரசியல் சட்டம் 20(3)ஐ வச்சு சொல்லிருச்சு. வைவால எவனாவது இதக் கேட்டா உங்க கைடு பதில் சொல்ல மாட்டார், நீதான் சொல்லணும்.

கடைசிபெஞ்ச்_ஈசிஈ:
செம, நன்றி எல்லாருக்கும். அப்ப அந்த அசையாத ஃப்ரெண்டு? நரம்புல ஏதாச்சும் பிரச்சனையா, பயமா இருக்கு.

நரம்புத்தளர்ச்சி:
பயப்பட ஒண்ணுமில்ல. நல்லா இருக்கறவங்கள்லயே சில பேருக்கு ரெஸ்பான்ஸ் வராது. உங்க லேப்ல ஏசி எத்தன டிகிரி? கை சில்லுனு இருந்தா சுத்தமா அடங்கிரும். சளி, அலர்ஜி மாத்திரை போட்டானான்னும் கேளுங்க, பழைய வகை மாத்திரைங்க பல அசிட்டைல்கோலின அடக்கும். அதே கைதட்டல திரும்பத் திரும்பக் கேட்டா மூளைக்கும் சலிச்சுரும், நாலாவது அஞ்சாவது தடவைல கோடு சின்னதாகும். ஆழமா ஒரு மூச்சு இழுக்கச் சொல்லிப் பாருங்க, பெரும்பாலும் அதுக்கு அசையும்.

நரம்பு அறுந்த கேஸ் வேற மாதிரி இருக்கும். அந்த நரம்பு போற பகுதி மட்டும் வியர்க்காம ரெசிஸ்டன்ஸ் எகிறும், பக்கத்து விரல் நார்மலா இருக்கும். கர்ட் ரிக்டர்னு அமெரிக்காவுல ஒருத்தர் இத வச்சுத்தான் காயம்பட்டவங்க தோல்ல எந்த நரம்பு போச்சுன்னு எல்லை போட்டுக் காட்டினார். எனக்குக் கேட்டா பொய் மெஷின விட இதுதான் உருப்படியான ப்ராஜெக்ட். சர்க்கரை நோயில பாத நரம்பு கெடுறதக்கூட இப்ப வியர்வைச் சுரப்பி வேலை செய்யுதான்னு கரண்ட் விட்டுப் பாக்குறாங்க.

சால்டரிங்புகை:
இன்னொண்ணு, சர்க்யூட்ல ஒரு புஷ் பட்டன் சேத்துக்க. கைதட்டுற நேரத்துல அத அமுக்கி மார்க் பண்ணு, அமுக்குறது இன்னொரு ஆளா இருக்கணும். இல்லன்னா எந்த ஏத்தம் எதுக்கு வந்துச்சுன்னு அப்புறம் உக்காந்து முழிப்ப.