கேன்சர் என்றார்கள், நுரையீரலில் இருந்தது புழு

மோரேக்காரன்:
பர்மாவிலிருந்து வந்து மணிப்பூர் எல்லையில் உள்ள மோரே ஊரில் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம் எங்களுடையது. சித்தப்பாவுக்கு மாதக்கணக்கில் இருமல், சளியில் துரு நிறத்தில் ரத்தம். ஆள் மெலியவில்லை, பசியும் குறையவில்லை. சளியில் கிருமி கிடைக்காமலேயே டிபி மாத்திரை கொடுத்தார்கள். கேட்கவில்லை. சென்னைக்குக் கூட்டி வந்தோம். சிடி ஸ்கேனில் கட்டி, கேன்சரைத் தேட எடுக்கும் பெட் ஸ்கேனிலும் அந்த இடம் பளிச்சென்று தெரிந்தது. "கேன்சராத்தான் இருக்கும், பயாப்ஸி பண்ணிடலாம்" என்றதும் சித்தி இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார்.

ரத்தத்தில் ஈசினோஃபில் (புழுத் தொற்று, அலர்ஜி இருந்தால் கூடும் வெள்ளை அணு) எக்கச்சக்கமாக இருந்ததைப் பார்த்த ஒரு நுரையீரல் டாக்டர்தான் ஊரைக் கேட்டார். மணிப்பூர் என்றதும் அடுத்த கேள்வி, "ஓடை நண்டு சாப்பிடுவீங்களா?" தணலில் லேசாக வாட்டிய மலை நண்டு என்றால் சித்தப்பாவுக்கு உயிர். மறுபடி சளி வாங்கி, டிபி கிருமியைப் பார்க்கப் போடும் சாயம் ஏற்றாமல் நேராக மைக்ரோஸ்கோப்பில் வைத்தார்கள். புழு முட்டை! பாராகோனிமஸ் என்று பெயர். மணிப்பூரில் இது இருப்பதை 1980களிலேயே கண்டுபிடித்துவிட்டார்களாம். வேகாத நண்டோடு போகும் குஞ்சுப்புழு குடலைத் துளைத்து, உதரவிதானத்தையும் துளைத்து நுரையீரலுக்கு ஏறிவிடுகிறது.

பிராசிகுவான்டெல் மாத்திரை இரண்டு மூன்று நாள்தான். ஆனால் டிபிக்குக் கொடுத்த ரிஃபாம்பிசின் அதன் வேலையைக் கெடுக்குமாம். அதை நிறுத்திச் சில வாரம் காத்திருந்தோமே, அதுதான் பெரிய வேதனை. இப்போது நன்றாக இருக்கிறார். நண்டையும் விடவில்லை, குழம்பில் கொதிக்கக் கொதிக்க!

ஃப்ளோரிடா தமிழன்:
எனக்கு நண்டு இல்லை, கொசு. வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில் காசு மாதிரி வட்டமாக ஒரு கட்டி. பழைய சிகரெட் கணக்கு வேறு இருந்ததால் ஆபரேஷன் பண்ணியே எடுத்தார்கள். உள்ளே செத்த புழு. நாயின் இதயத்தில் வாழும் டைரோஃபைலேரியா. எங்கள் வீட்டில் நாயே கிடையாது. எந்த நாயையோ கடித்த கொசு என்னையும் கடித்திருக்கிறது. மனித உடம்பில் இது பிழைக்காது, நுரையீரல் ரத்தக்குழாயில் சிக்கிச் செத்துக் கட்டியாகிவிடும். அதற்குப் பிறகு மருந்துகூடத் தரவில்லை. ஒன்று, எனக்கு ஈசினோஃபில் நார்மல்தான். அது நார்மல் என்பதால் புழு இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

காசிமேடு வாசகி:
மோரே அண்ணா, நாங்க வாங்குற கடல் நண்டுலயும் இது இருக்குமா?

மோரேக்காரன்:
இல்லம்மா. நானும் டாக்டரிடம் அதைத்தான் முதலில் கேட்டேன். இந்தப் புழு நன்னீர் நண்டில்தான் வளரும்.